69 இலட்சம் பேர் ஏன் அவருக்கு வாக்களித்தார்கள்?

69 இலட்சத்து 24 ஆயிரத்து 255. 2019 நவம்பர் 16ஆம் திகதி நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவுக்கு விழுந்த வாக்குகள் இவை. செல்லுபடியான வாக்குகளில் 52.25 வீதம். அதே நாளில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தது 6 வீதத்துக்குச் சற்று மேல். அங்கே 83 வீதத்துக்கு மேற்பட்டோர் எதிர்த்துப் போட்டியிட்ட சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தார்கள். ஒரே நாடு, ஒரே வாக்குச்சீட்டு, ஆனால் இரண்டு வேறு உலகங்கள்.

ஈஸ்ட் ஹாமில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. ஆனால் அதன் பிறகு வந்த எல்லாக் குடும்ப விருந்துகளிலும் ஒரே கேள்விதான் சுற்றியது: "எப்படி அந்த ஆளுக்குப் போய் வோட்டுப் போட்டாங்கள்?" பெரியவர்களிடம் பதில் தயாராக இருந்தது. "அவங்கள் இனவாதிகள், வேறென்ன?"

அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை என்றால் ஒரு கணக்கு உதைக்கிறது. 2015 ஜனவரியில் போரை வென்ற மகிந்த ராஜபக்சவே தோற்றார். மைத்திரிபால சிறிசேனவை வெல்ல வைத்த 62 இலட்சம் வாக்குகளில் தமிழர், முஸ்லிம்களின் வாக்குகளோடு சிங்களவர்களின் வாக்குகளும் ஏராளமாக இருந்தன. 2022இல் கோட்டாபயவை நாட்டை விட்டு ஓட வைத்த கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் சிங்களவர்கள். இடையில் இருக்கும் 2019 மட்டும் ஏன் அப்படி? இனவாதம் எப்போதும் அங்கே இருந்த ஒன்று. அது சில வேளைகளில் மட்டும் வெல்வதற்கு வேறு காரணங்கள் வேண்டும்.

இதைப் புரிந்துகொள்வது இங்கே லண்டனில் இருக்கும் நமக்கு ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1977: வரிசையில் நின்றவர்கள்

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த கதையை நம்மில் பலர் பள்ளியில் படித்திருக்கிறோம். நம் பெற்றோரின் தீவில் அரசியல் எப்படிப் படிப்படியாக ஒரு மனிதரின் கைக்குள் போனது என்று நமக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமர். வெளிநாட்டுப் பொருட்களை முடிந்தவரை இறக்குமதி செய்யாமல் நாட்டிலேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்பது அவருடைய அரசின் கொள்கை. 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. உணவுப் பொருட்களின் விலையும் ஏறியது. தெற்கில் மக்கள் விடியற்காலையில் எழும்பிப் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு விருப்பம்போல் கொண்டுபோக முடியாது. 1972இல் கொண்டுவந்த புதிய அரசியலமைப்பைப் பயன்படுத்தி அந்த அரசு தன் ஆயுளையும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது.

இங்கே ஒரு விசித்திரம். அதே காலத்தை யாழ்ப்பாணத்து விவசாயிகள் வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வராததால் அவர்களுடைய விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. அந்தக் காசில் கல்வீடு கட்டியவர்கள் உண்டு. ஒரே கொள்கை தெற்கில் பட்டினியாகவும் வடக்கில் வருமானமாகவும் இருந்தது. தரப்படுத்தல் என்ற பல்கலைக்கழக அனுமதி முறையால் தமிழ் இளைஞர்கள் கொதித்ததும் அதே ஆண்டுகளில்தான். ஒருவரின் வாக்கு அவருடைய சமையலறையிலிருந்தும் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 வீத வாக்குகளைப் பெற்றது. ஆனால் அப்போதைய தொகுதி முறையால் 168 ஆசனங்களில் 140 அவர்களுக்குப் போயின. ஆறில் ஐந்து பங்கு. சிறிமாவோவின் கட்சிக்கு எட்டே ஆசனங்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களோடு பிரதான எதிர்க்கட்சியாகியது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

வரிசையில் நின்று களைத்தவர்கள் வரிசையை ஒழிப்பேன் என்றவருக்கு வாக்களித்தார்கள். இதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவர் 'தர்மிஷ்ட சமுதாயம்', அதாவது அறநெறி வழுவாத சமுதாயம் ஒன்றை உருவாக்குவதாகவும் சொன்னார். ஆனால் அந்த 140 ஆசனங்களை வைத்து அவர் செய்தவற்றை ஒழுங்காக அடுக்கிப் பாருங்கள்.

1978இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதிப் பதி, அதில் அவரே. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த 40,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோவின் குடியுரிமைகள் பறிக்கப்பட்டன. அதனால் அவரால் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட முடியவில்லை. தன் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை ஜே.ஆர். வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு 1982 டிசம்பர் 22ஆம் திகதி ஒரு சர்வசன வாக்கெடுப்பு. கேள்வி இதுதான்: பொதுத் தேர்தல் நடத்தாமல் இதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாமா? ஆம் என்றால் விளக்குச் சின்னம், இல்லை என்றால் குடம். 54.66 வீதம் விளக்குக்கு விழுந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கு வாக்களித்தார்கள்.

ஏழு மாதங்களில் கறுப்பு ஜூலை வந்தது. நம்மில் பலருடைய குடும்பங்கள் லண்டனுக்கு வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு கொண்டுவரப்பட்ட 6ஆவது திருத்தத்தின்படி சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். நாட்டின் எதிர்க்கட்சித் தலைவரே பாராளுமன்றத்தில் இல்லை. அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான் நடந்தது. 1977இல் முதல் தடவையாக வாக்களித்த ஒருவர் அடுத்த பொதுத் தேர்தலைப் பார்க்கும்போது முப்பது வயதாகியிருப்பார்.

இன்னொன்றையும் நாம் அடிக்கடி மறக்கிறோம். 1987 முதல் 1989 வரை தெற்கில் ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியும் அதை அடக்கிய அரச வன்முறையும் பல்லாயிரம் சிங்கள இளைஞர்களின் உயிரைக் குடித்தன. தமிழர்களை அடக்கக் கட்டிய இயந்திரம் தமிழர்களோடு நிற்கவில்லை. விளக்குக்கு வாக்களித்த வீடுகளின் பிள்ளைகளையும் அது தேடிப் போனது.

2019: பயமும் வெறுப்பும்

இப்போது மறுபடியும் அந்த 69 இலட்சத்துக்கு வருவோம். நான் மூன்று காரணங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது பயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பின் சொகுசு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழர்களும் சிங்களவர்களும் வெளிநாட்டவர்களும் இருந்தார்கள். இந்தியப் புலனாய்வுத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது என்ற செய்தி பிறகு வெளிவந்தது. எச்சரிக்கை வந்தும் அரசு எதுவும் செய்யவில்லை. ஒரு தாய் பிள்ளையைத் தேவாலயத்துக்கு அனுப்பப் பயந்த அந்த வாரங்களில், பாதுகாப்புச் செயலாளராகப் போரை நடத்திய முன்னாள் இராணுவ அதிகாரி ஒருவர் தான் போட்டியிடத் தயார் என்றார்.

இரண்டாவது வெறுப்பு. 2015இல் வந்த 'நல்லாட்சி' அரசு நம்பிக்கையை விரைவாகவே தின்று தீர்த்தது. மத்திய வங்கிப் பிணைமுறி ஊழல், ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையில் ஓயாத சண்டை. 2018 ஒக்டோபர் 26 இரவு சிறிசேன திடீரென ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். சில வாரங்கள் நாட்டில் பிரதமர் யார் என்பதே சண்டையாக இருந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது முடிந்தது. ஜனநாயகம் என்றால் இதுதானா என்று சாதாரண மனிதர் கேட்டால் நாம் என்ன சொல்ல முடியும்?

மூன்றாவது, 'செய்து காட்டுபவர்' என்ற பிம்பம். போருக்குப் பிறகு பாதுகாப்பு அமைச்சின் கீழேயே நகர அபிவிருத்தியும் வைக்கப்பட்டது. செயலாளர் கோட்டாபய. கொழும்பில் மதில்கள் இடிக்கப்பட்டு நடைபாதைகள் வந்தன, பூங்காக்கள் பளபளத்தன. அந்த அழகுக்காகக் குடிசைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைப் பூங்காவில் நடப்பவர்கள் பார்க்கவில்லை. அவர் அதுவரை எந்தத் தேர்தலிலும் போட்டியிடாதவர். 'அரசியல்வாதி அல்ல' என்பதே அவருடைய பெரிய தகுதியாக விற்கப்பட்டது. வைத்தியர்களும் பேராசிரியர்களும் தொழிலதிபர்களும் 'வியத்மக' என்ற அமைப்பில் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர்களெல்லாம் படிக்காதவர்கள், ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் வென்ற பிறகு நாடெங்கும் இளைஞர்கள் தாங்களாகவே தூரிகை எடுத்துத் தெருச் சுவர்களுக்குப் படம் வரைந்தார்கள். உங்களுடைய வயதுக்காரர்கள். அவர்களுக்குள் இருந்தது வெறும் வெறுப்பாக மட்டும் இருந்திருக்க முடியாது.

இந்த மூன்றையும் இனவாதம் ஒட்டிச் சேர்த்தது. பயத்துக்கு அது ஒரு முகம் கொடுத்தது: முதலில் முஸ்லிம், பிறகு தமிழர். கோட்டாபய பதவியேற்றது அநுராதபுரத்தில், ருவன்வெலிசாய விகாரையின் முன்னால். சிங்கள மக்களின் வாக்கால் மட்டும் வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்ததாக அங்கேயே சொன்னார்.

இல்லை என்று சொல்ல ஆள் இல்லாத நாடு

இப்படிப்பட்ட தலைவர்களிடம் உலகெங்கும் ஒரே வாக்குறுதி இருக்கிறது. "மக்களாகிய நீங்களும் நானும் ஒன்று. நமக்கு நடுவில் நிற்கும் நீதிமன்றமும் பாராளுமன்றமும் பத்திரிகைகளும் வெறும் தடைகள். அவற்றைத் தள்ளிவிட்டால் வேலை நடக்கும்." ஹங்கேரியில் விக்டர் ஓர்பானும் பிலிப்பைன்ஸில் ரொட்ரிகோ டுடெர்டேயும் தேர்தலில் வென்று வந்தவர்கள்தான்.

2020 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் ராஜபக்சக்களின் கட்சி 225இல் 145 ஆசனங்களை வென்றது. ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளோடு நிறைவேறியது. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்திருந்த 19ஆவது திருத்தம் போய்விட்டது. மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்ற குற்றத்துக்கு மரண தண்டனை பெற்ற இராணுவ வீரருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், குடும்பங்கள் கதறக் கதற எரிக்கப்பட்டன. தெற்கில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. அடுத்தவன் வீட்டுக் கூரைதானே எரிகிறது.

பிறகு தங்கள் கூரைக்கு வந்தது. பதவிக்கு வந்த கையோடு பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்திருந்தார்கள். அரசின் வருமானம் சரிந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டது. விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்துவிட்டது. நெல் விளைச்சல் பெரிதாக விழுந்தது. அநுராதபுரம், மொனராகலை, அம்பாந்தோட்டை என்று அவருக்குப் பெரும்பான்மை கொடுத்த மாவட்டங்களின் விவசாயிகளே முதலில் அடிபட்டார்கள்.

2022இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாள்கணக்கில் வரிசை. 1977இல் எந்த வரிசையிலிருந்து தப்ப ஜே.ஆருக்கு வாக்களித்தார்களோ, அதைவிட நீளமான வரிசை. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜூலை 9 மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ஆம் திகதி அவர் இராணுவ விமானத்தில் மாலைதீவுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் சென்று பதவியை விட்டார்.

பசளைத் தடையை நான் திரும்பத் திரும்ப யோசிப்பதுண்டு. அது வெறும் முட்டாள்தனமான முடிவு மட்டும் அல்ல. எல்லா அரசுகளும் முட்டாள்தனமான முடிவுகளை எடுக்கும். ஆனால் அமைச்சரவையில் ஒருவர், பாராளுமன்றத்தில் ஒருவர், திணைக்களத்தில் ஒருவர் "இது சரிவராது, சேர்" என்று சொல்லி நிறுத்தக்கூடிய நாட்டில் அது மேசையிலேயே செத்திருக்கும். வாக்காளர்கள் பலமாக நினைத்ததே அந்த ஆட்சியின் பலவீனமாகியது.

லண்டனில் நடந்தது

இதெல்லாம் 'அங்கே' நடப்பது என்று நினைக்காதீர்கள். கேபிள் தெருச் சண்டையை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1936 ஒக்டோபர் 4, ஒஸ்வால்ட் மோஸ்லியின் கருஞ்சட்டைப் பாசிஸ்டுகள் யூதர்கள் வாழ்ந்த கிழக்கு லண்டன் வழியாக ஊர்வலம் போக முயன்றார்கள். யூதர்களும் ஐரிஷ் தொழிலாளர்களும் கம்யூனிஸ்டுகளும் தடுப்பு அமைத்து நிறுத்தினார்கள். ஆனால் ஐந்து மாதங்கள் கழித்து 1937 மார்ச்சில் நடந்த லண்டன் கவுன்டி கவுன்சில் தேர்தலில், பெத்னல் கிரீனில் மோஸ்லியின் கட்சி சுமார் 23 வீத வாக்குகளைப் பெற்றது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆசனம் கிடைக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒருவர்!

அதே ஆண்டுகளில் ஸ்டெப்னியில் நடந்த ஒன்றை ஃபில் பிரட்டின் என்ற கம்யூனிஸ்ட் பிறகு எழுதி வைத்தார். பாரகன் மேன்ஷன்ஸ் என்ற குடியிருப்பில் வாடகைக் கடனுக்காக இரண்டு குடும்பங்களை வெளியேற்ற வந்தார்கள். இரண்டும் மோஸ்லியின் கட்சியில் சேர்ந்த குடும்பங்கள். உதவி கேட்டபோது அந்தக் கட்சி எதுவும் செய்யவில்லை. பிரட்டினும் அயலவர்களும்தான் தடுப்புப் போட்டு வெளியேற்றத்தை நிறுத்தினார்கள். அந்தக் குடும்பங்கள் தங்கள் பாசிஸ்ட் உறுப்பினர் அட்டைகளைக் கிழித்துப் போட்டன. 1945இல் மைல் எண்ட் மக்கள் பிரட்டினைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் பாசிசத்தை எதிர்த்தார், ஆனால் அதற்கு வாக்களித்த அயலவரின் வாடகைப் பிரச்சினையைத் தன் பிரச்சினையாகவும் எடுத்துக்கொண்டார்.

அருகிலேயே இன்னொரு கதை. 2006 மே மாதம் பார்க்கிங் அண்ட் டெகன்ஹாம் கவுன்சிலில் பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி 12 ஆசனங்களை வென்றது. இன்று நம் உறவினர்கள் பலர் வீடு வாங்கியிருக்கும் அதே இடம். டெகன்ஹாம் ஃபோர்ட் தொழிற்சாலையில் கார் பொருத்தும் வேலை 2002இல் நின்றுபோயிருந்தது. 1980க்குப் பிறகு கவுன்சில் வீடுகள் விற்கப்பட்டன, அந்த அளவுக்குப் புதியவை கட்டப்படவில்லை. பிள்ளைக்கு வீடு கிடைக்கவில்லை என்ற உண்மையான வருத்தத்துக்கு, வெளிநாட்டவர் வீடு வாங்கக் கவுன்சில் பணம் கொடுக்கிறது என்ற பொய் பதிலாகப் பரப்பப்பட்டது. 2010இல் அந்த 12 ஆசனங்களும் பறிபோயின. தொழிற்சங்கத்தினரும் தன்னார்வலர்களும் வீடு வீடாகக் கதவு தட்டியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

நம் வீட்டு வரவேற்பறை

கடைசியாக நம்மைப் பற்றி. "லீ குவான் யூ மாதிரி ஒரு ஆள் வந்தாத்தான் நாடு திருந்தும்." இதை நீங்கள் உங்கள் வீட்டில் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன், பல தடவைகள், அரச ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வந்தவர்களின் வாயிலிருந்தே. சிங்கள நண்பர்களின் வீடுகளிலும் இதே வசனம் ஓடுகிறது. பலமான ஒருவர் வேண்டும் என்ற ஆசைக்கு இனம் கிடையாது. அந்தப் பலம் யார் மேல் பாயும் என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

நம்முடைய அரசியலிலும் 'ஏகப் பிரதிநிதிகள்' என்ற சொல் இருந்தது. மாற்றிப் பேசியவருக்குத் துரோகி என்ற பட்டமும் இருந்தது. போர்க்காலத்தையும் தேர்தலையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. கொல்லப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மக்கள் ஒரே குரலில் பேச விரும்பியது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் பயம் மனிதரை ஒரே தலைவரின் பின்னால் கூட்டும் என்பதை நாம் சிங்கள ஊர்களில் மட்டும் தேட வேண்டியதில்லை.

16 வயதிலேயே வாக்களிக்கும் உரிமையை வழங்கப் போவதாக 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு அறிவித்தது. இதை வாசிக்கும் உங்களில் சிலர் சீக்கிரமே வாக்குச்சீட்டைக் கையில் எடுப்பீர்கள். இங்கேயும் வீட்டு வாடகை ஏறுகிறது, வைத்தியசாலையில் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, எல்லா அரசியல்வாதிகளும் ஒன்றுதான் என்ற சலிப்பு இருக்கிறது. "எல்லாவற்றையும் நான் ஒருவனே சரிசெய்கிறேன்" என்று யாராவது சொல்லும்போது அது உங்களுக்கும் இனிக்கலாம். அப்போது ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: இவர் பிழை விட்டால் இவரை நிறுத்தக்கூடியவர் யார்? அந்த ஆளையோ அமைப்பையோதான் அவர் முதலில் அகற்றப் போவதாகச் சொல்கிறார் என்றால், அவருடைய மற்ற வாக்குறுதிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு அவர் வேண்டாம்.

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் மகிந்தவின் மகன் நாமல் ராஜபக்ச போட்டியிட்டார். கிடைத்தது 3 வீதத்துக்கும் குறைவு. ஐந்து ஆண்டுகளில் 52இலிருந்து 3க்கு. அந்த 69 இலட்சம் பேர் வேறு நாட்டுக்குப் போய்விடவில்லை. அதே மனிதர்கள்தான். மனம் மாறக்கூடியவர்கள் என்பதால்தான் அவர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

இந்த வார இறுதியில் உங்கள் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள்: 1977இல் யாருக்கு வாக்களித்தார்கள், ஏன்? 1982இல் விளக்கா, குடமா? அந்தக் காலத்து வெங்காய விலை என்ன? அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே பதில்கள் வேறுபடும். அங்கிருந்து தொடங்கலாம்.